அப்புறம் எங்கே போகும்?

அமிலக் கழிவுக் கேனின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டது யார் என்று, ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு ஒரு வாரம் தெரியவில்லை. கேனில் ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து எறும்பு மாதிரிப் பொடியாக இருக்கும். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சிவப்பைப் பார்த்தாலே போதும், அது அமிலம், பார்த்துத் தூக்க வேண்டும் என்று தெரிந்தது. பிறகு ஒரு மழைநாளில் வேதியியல் மாணவி ஒருத்தி, ஒரு பக்கம் துணியே இல்லாத சிவப்புக் குடையோடு நனைந்துகொண்டு வந்தாள். அக்கா குடையைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

நெட்டைப் பெண். ஒரு காதில் மட்டும் தோடு. மற்றதைத் தேடிக்கொண்டிருப்பதாக ஒரு வருஷமாகச் சொல்கிறாள்.

செய்முறை வகுப்புகளில் பொருள்கள் வீணாவதைக் குறைக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு உண்டு. சம்பளமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதில் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தவள். அடுத்தவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, முடியும் நேரத்தில் கை தூக்குவாள்: "சார், செஞ்சு முடிச்சாச்சு. அப்புறம் இது எங்கே போகும்?"

கூடப் படிப்பவர்கள் அவளுக்கு 'அப்புறம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "டேய், அப்புறம் கை தூக்கிட்டா, பையை எடு!" என்பார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"கேன்ல ஊத்திடுவோம்மா, அவ்வளவுதான்" என்றார் முதலாண்டு வேதியியல் பேராசிரியர். அவள் விடவில்லை, கேனின் பின்னாலேயே போனாள். இரண்டு மாடி இறக்கிப் பின்கட்டு அறையில் வைக்க வேண்டும். படி திரும்பும் இடத்தில் அக்கா கேனை இறக்கிக் கை மாற்றினார்.

"தோள் வலியாக்கா?"

"சத்தமாப் பேசாதே கண்ணு. சூப்பர்வைசர் காதுல விழுந்தா வேலை போயிடும். கடவுள் பாத்துக்குவார்."

"அவர் பாக்கட்டும். நானும் கொஞ்சம் பாக்கறேன்."

தோளைப் பற்றி அவள் வெளியே மூச்சு விடவில்லை. முதலாண்டு மாணவர்கள் குடுவை குடுவையாகச் செய்கிற நீலக் கரைசல் சோதனையை, குழி போட்ட தட்டில் சொட்டுச் சொட்டாகச் செய்து பார்த்தாள். இரண்டு முறை நிறம் சொதப்பியது. மூன்றாம் முறை சரியாக வந்தது. பேராசிரியர் இறங்கி வரவில்லை. "பசங்களுக்குக் கை பழகணும்மா. சொட்டுல என்ன பழகும்?"

"சரி சார். ஒரே ஒரு கேனை மட்டும் கீழ கொண்டுபோய் வைக்கறீங்களா? எங்கே போகுதுன்னு நீங்களும் பாத்த மாதிரி இருக்கும்."

நல்ல மனுஷன், தூக்கினார். முதல் திருப்பத்தில் கை மாற்றினார். இரண்டாவதில் கேனை இறக்கி வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எத்தனை கேன்மா?"

"வகுப்புக்கு நாலு சார்."

அடுத்த பருவத்தில் சோதனைத் தாள் மாறியது. வகுப்புக்கு நாலு கேன் என்றிருந்தது, வாரத்துக்கு ஒன்றானது. "சொட்டைத் தேடியே என் கண்ணு போச்சு" என்று பேராசிரியர் இன்றும் முணுமுணுக்கிறார். அக்காவின் வேலை நிலைத்தது. அவள் சொந்தப் பெயர் தெரியாததால், அக்கா கடவுளிடம் வேண்டும்போதும் 'அந்த அப்புறம் பொண்ணு' என்றுதான் சொல்வார். கடவுளுக்கு அது யாரென்று தெரியாதா என்ன!

கடைசித் தேர்வு முடிந்து அவள் பெட்டியோடு விடைபெற வந்தாள். அக்கா கேட்டார்: "படிச்சு முடிச்சாச்சு. அப்புறம் நீ எங்கே போவே?"

அவள் சிரித்துவிட்டாள். பையைத் துழாவி, மிச்சமிருந்த சிவப்புத் துணியை எடுத்துத் தன் பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள்.

"தெரியலக்கா. தூக்கறவங்க பாத்துத் தூக்கட்டும்."