ஐந்து கோலுக்குப் பிறகு நிற்காத கடிகாரம்

அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். இதுவரை யாரும் அதைக் குற்றமாக என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

போர்ட் பிளேரில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கால்பந்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் தீவுகளின் பள்ளி மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில், நிமிடம் எண்ணக் கணக்கு டீச்சரைவிட யார் பொருத்தம் என்று ஸ்டாப் வாட்ச்சை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் மைதானம் கடலோரம். பந்து சுவரைத் தாண்டிச் சரிவில் உருண்டு போனால், யாராவது இறங்கி எடுத்து வரும்வரை வாட்ச்சை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் யாராவது அடிபட்டு விழுந்தாலும் நிறுத்த வேண்டும். இப்படி நிறுத்தி நிறுத்தி, முப்பது நிமிடப் பாதி ஐம்பது நிமிடம்கூட இழுக்கும்.

ஒரு வருடம் சின்னத் தீவொன்றின் அணி பதினான்கு கோல் வாங்கியது. பிள்ளைகள் அழுதுகொண்டே ஆடினார்கள். நான் வாட்ச்சை நிறுத்தி நிறுத்தி அவர்களுடைய அவமானத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டாம் பாதியில் ஐந்து கோல் வித்தியாசம் வந்துவிட்டால் அதன்பிறகு எதற்காகவும் வாட்ச் நிற்கக் கூடாது என்றேன். யாரும் மைதானத்துக்குள் போகவும் கூடாது, ஆட்டம் சட்டென்று முடியட்டும், பிள்ளைகள் வீடு போய்ச் சேரட்டும் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று ஷாதிபூர் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ‘எதற்காகவும்’ என்ற சொல்லை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

விதி அமலுக்கு வந்த ஆண்டு, தெற்கே ஒரு ரப்பர் தோட்டத் தீவிலிருந்து பதினான்கு பெண்கள் வந்தார்கள். இரண்டு நாள் கப்பல். காலையில் இறங்கி மத்தியானம் ஆட்டம். மூன்று பேர் வாந்தியெடுத்துப் பாயிலேயே சுருண்டுவிட்டார்கள். மிச்சம் சரியாகப் பதினொன்று. மாற்று ஆள் கிடையாது. கோல்கீப்பர் ஒல்லியான, உயரமான தமிழ்ப் பெண். ஆட்டத்துக்கு முன் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“டீச்சர், தரை இன்னும் ஆடுற மாதிரியே இருக்குங்க. எங்க எல்லாருக்குமே அப்புடித்தான்.”

எங்களுக்கு இது புதிதில்லை. கப்பலை விட்டு இறங்கினாலும் கப்பல் நம்மை விட ஒரு நாளாவது ஆகும். “படுத்து எழுந்தா சரியாப் போயிடும், போ” என்றேன்.

இரண்டாம் பாதி பாதியிலேயே, ஒரு கோல்கூடப் போடாத அவர்கள் வலையில் ஐந்தாவது கோல் விழுந்தது. இனி வாட்ச் நிற்காது என்று ரெஃபரிக்குக் கை காட்டினேன். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த பந்துக்கு அவள் பாய்ந்தாள். பந்து வெளியே போயிற்று. அவள் தலை கம்பத்தில் மோதியது. இரும்புக் குழாய்க் கம்பம். சத்தம் என் மேஜைவரை கேட்டது.

என் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. பக்கத்தில் நின்றிருந்த அமைப்பாளர் குனிந்து, “மத் ரோக்கியே மேடம். ஆப்கா ஹி தோ ரூல் ஹை” என்றார். நிறுத்தாதீர்கள், உங்கள் ரூல்தானே என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்தினார். அவளும் அதற்குள் எழுந்துவிட்டாள். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

கீழே கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தவள், பந்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாள். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலேயே மெல்ல ஆடினாள். அவர்களோடு வந்த வங்காளி டீச்சர் சின்னப் பெண். “ஜஹாஜ் கா சக்கர் ஹை மேடம். சுபே ஸே சப்கோ ஹை” என்றாள். கப்பல் மயக்கம், காலையிலிருந்து எல்லோருக்கும் இருக்கிறது என்றாள். நானும் தலையாட்டினேன். வேறு ஊராக இருந்திருந்தால், தலையில் அடிபட்ட பிள்ளை தள்ளாடுகிறாள் என்று யாராவது பதறியிருப்பார்கள். நாங்களோ கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு நிமிடம் இருக்கும்போது அவள் திரும்பி வலையைப் பார்த்து நின்றாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை விரித்து, பந்துக்குத் தயாராக நின்றாள். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது, இது கப்பல் மயக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன நினைத்தேன் என்றால், இப்போது நிறுத்தினால் கூச்சல், விவாதம், பத்து நிமிடம் போகும். ஓடவிட்டால் நான்கே நிமிடம். சீக்கிரம் முடிவது அவளுக்கும் நல்லது என்று நினைத்தேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்ததுதான் எனக்குச் சாக்கு. பந்து வந்து அவள் முதுகில் பட்டுத் தெறித்தது. கோல் விழவில்லை. ஒரே கைதட்டல்.

விசில் ஊதிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஓடிப் போய்த் தோளைத் தொட்டேன்.

“டீச்சர், கப்பல் எப்பங்க கரைக்குப் போகும்?” என்றாள். அப்படியே வாந்தியெடுத்து என் கால்மேல் சரிந்தாள்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். அவள் அப்பாவுக்குக் கப்பல் கிடைத்து வந்து சேர நான்கு நாள் ஆனது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். நான் தினமும் பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கண் திறந்துவிட்டாள், ஆனால் பேச்சு வரவில்லை. இடது கை அசையவில்லை. அது அசையுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் நான் போனபோது அவள் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். உட்காரக் கூசியது.

“அடிபட்டதுக்கப்புறம் புள்ள எம்புட்டு நேரம் நின்னுச்சுங்க, டீச்சரம்மா?”

கொஞ்ச நேரம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “பதினோரு நிமிஷம்” என்றேன்.

“அம்புட்டு கரெக்டாச் சொல்றீங்களே.”

“வாட்ச் என் கையிலதாங்க இருந்துச்சு.”

அவர் மகளின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

“அப்ப நீங்க பூராவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க” என்றார். குரலில் கோபம் இல்லை.

“ஆமாங்க” என்றேன்.