இடப்பக்கம் பார்த்தால் கத்தும் கார்

என் வீட்டுக்காரர் சவூதி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய மறு வாரம், பாம்பனில் இருக்கும் என் தங்கச்சி எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். இராமநாதபுரத்திலிருந்து நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே பாலைவனத்துச் சாலைகளில் டிரெய்லர் ஓட்டியவர். ஆனால் இந்த ஊர் லைசென்ஸ் அவர் அங்கே இருந்தபோதே காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பித்து வாங்கும்வரை அத்தா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

காரையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். நான் தேவிபட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஓட்டிப் போய் வருகிறவள் என்பதால், எச்சரிக்கை என்று என்னென்ன உண்டோ அத்தனையும் உள்ள வண்டியாகப் பார்த்தாள். பெல்ட் போடாவிட்டால் கத்தும். கோட்டைத் தாண்டினால் கத்தும். முன்னால் போகிற வண்டியை ரொம்ப நெருங்கினால் கத்தும். இன்னும் ஏதேதோ சொன்னாள். பாதி என் காதில் ஏறவில்லை. அந்தக் கார் என்னிடம் அநேகமாக வாயைத் திறந்ததே இல்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியுமாக அத்தர் மணக்க என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் அவர் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிட்டது. எதிரே லாரி வந்தால் அழுத்துவார், ஆடு குறுக்கே வந்தால் அழுத்துவார்.

“அங்கன பிரேக் இல்லைங்க” என்றேன்.

“தெரியும். காலுக்குத் தெரியல” என்றார்.

உச்சிப்புளி நெருங்கும்போது கார் ‘டிங்’ என்றது. திரையில் ஏதோ ஒரு படம் வந்து மறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. அப்புறம் அடிக்கடி. தொழில்காரர் அல்லவா, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“பெல்ட்டா இருக்கும்” என்று தன் பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். டிங். பின் சீட்டில் தங்கச்சிக்காக முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பாகச் செய்து எடுத்துப்போன வட்டலாப்பச் சட்டி இருந்தது. “இந்தப் பாரத்தை ஆளுன்னு நெனச்சுக் கத்துது” என்று வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ச் சட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டு வந்தார். கிளம்பியதும் டிங். ஓரங்கட்டச் சொல்லி நாலு கதவையும் திறந்து ஓங்கிச் சாத்தினார். டயரை உதைத்தார். பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் கறை. காரில் ஒரு குற்றமும் இல்லை.

“நிக்கிறப்ப கத்தல. ஓடுறப்பத்தான் கத்துது. அது என்னா சீக்கு?” என்று தலையைச் சொறிந்தார்.

மண்டபத்தில் ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தி மகளுக்கு போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

“என்ன படம் வருதும்மா?”

“கண்ணு மாதிரி ஒண்ணு.”

“அது ஒண்ணுமில்ல. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி கருப்பா ஒரு பொட்டு இருக்கா? அது கேமரா. உங்க கண்ணப் பாத்துக்கிட்டே இருக்கும். ரோட்டப் பாக்காம வேற எங்கயாச்சும் பாத்தா கத்தும். அன்னைக்கே சொன்னேனே.”

இருவரும் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தோம்.

“எங்க பாத்து ஓட்டுறீங்க? போன நோண்டுறீங்களா?”

“இல்ல.”

“அப்ப கடலா?”

“கடலு இன்னும் வரலம்மா” என்றார் அவர், உண்மையாகவே யோசித்துக்கொண்டு. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகம் கொதித்தது. மகளுக்கும் அங்கே விளங்கிவிட்டது. “யா அல்லாஹ், உம்மா!” என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, போனை அணைத்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

எப்படிச் சொல்வது? அத்தனை வருஷமும் அவரை நான் போன் திரையில்தான் பார்த்தேன். அதில் நேர்முகம் மட்டும்தான் வரும். நெற்றி பாதி, மூக்கு முழுசு, சில நேரம் தாடை மட்டும். பக்கவாட்டில் அவர் எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காது மடலில் முடி நரைத்திருந்ததும், எதையாவது கூர்ந்து பார்க்கும்போது கீழுதட்டை மடித்துக் கடிப்பதும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டன. பார்த்தேன். அதைப் போய் ஒரு கார் கோள்மூட்டும் என்று யார் நினைத்தது?

“டயர உதைச்சேனே” என்றார் அவர். “ஆயில மோந்தேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“எனக்கே இப்பத்தான் தெரியும்!”

அவ்வளவுதான். சிரிப்பு பிடித்துக்கொண்டது. டீ ஆறிப்போகிற வரைக்கும் சிரித்தோம்.

மறுபடி கிளம்பியபோது கழுத்தை அசைக்காமல் நேரே பார்த்து ஓட்டினேன். அவர் விடவில்லை. “இந்தா, இங்கன பாரு, மீச எப்படி இருக்கு?” என்பார். “காதுல என்னமோ ஒட்டியிருக்கு பாரேன்” என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கார் மாதிரியே ‘டிங்’ என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துக் கண் இடுங்கிப்போனது. நான் தூங்கி விழுகிறேன் என்று எடுத்துக்கொண்ட கார், உடனே ஒரு காபிக் கோப்பையைக் காட்டி ஓய்வெடுக்கச் சொன்னது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் சீட்டே குலுங்கியது.

அந்தச் சிரிப்போடுதான் பாம்பன் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், உப்புக் காற்று. கீழே ரயில் பாலத்தில் ரயில் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. “அங்க பாரு, ரயிலு!” என்று அவர் கைநீட்டினார். நான் ரயிலைப் பார்க்கவில்லை. ரயிலைப் பார்க்கும் அவரைப் பார்த்தேன்.

கார் அலறியது. இது அந்தச் சின்ன டிங் இல்லை. திரை முழுக்கச் சிவந்தது. முன்னால் போன யாத்திரை வேன் ரயிலைக் காட்டுவதற்காகப் பாலத்து நடுவிலேயே நின்றுவிட்டிருந்தது. ஆட்கள் இறங்கிச் சாலையைக் கடந்து கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். அவருடைய வலது கை என் மார்புக்குக் குறுக்கே அணை போட்டதுபோல் வந்து நின்றது. வேனின் பின்பக்கத்துக்கு ஒரு கை தூரத்தில் கார் நின்றது. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ரயிலைப் பார்க்கப் போனார்.

அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே பேசினார். அது டிரெய்லர் ஓட்டியவரின் குரல்.

“இனிமே வண்டி ஓடுறப்ப பாக்காத. பாக்கணும்னா நிறுத்திட்டுப் பாரு. நான் இனி எங்கயும் போகல.”

“சரி” என்றேன். கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் முழுசாகப் போகவில்லை.

பாலம் இறங்கியதும் கருவாடு காயும் ஒரு வெளி ஓரமாக நிறுத்தினேன். என்ஜினை அணைத்துவிட்டு, நிதானமாக, ஆசை தீரப் பார்த்தேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு முன்னாலேயே பார்த்தார். பிறகு, “நானும் வழியெல்லாம் ஒன்னத்தான் பாத்துக்கிட்டு வாரேன். நல்ல வேள, எம்பக்கம் கேமரா வைக்கல” என்றார்.

தங்கச்சி வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “நெய்ச்சோறு ஆறிப்போச்சு லாத்தா. ஏன் இம்புட்டு நேரம்? மச்சான் சட்டையில என்ன கறை?” என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். வட்டலாப்பச் சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் சட்டியை மோந்து பார்த்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவர் யாரும் சொல்லாமலே பின் சீட்டில் ஏறி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். வழியனுப்ப வந்த தங்கச்சிக்கு முகம் மாறிவிட்டது. ஊர் வந்து சேர்வதற்குள் அவளிடமிருந்து போன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன்.

“லாத்தா, என்ன சண்ட? இப்பத்தானே மச்சான் வந்திருக்காரு. நீ கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போ லாத்தா” என்று அழாத குறையாகச் சொன்னாள்.

பின்னாலிருந்து அவர் கையை நீட்டி போனை வாங்கினார். “ஒங்க லாத்தா ரொம்ப மோசம்மா” என்று கவலையான குரலில் சொன்னார். “முன்னாடி உக்கார விட மாட்டேங்குறா.”

தங்கச்சி மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே சமாதானம் பேச வந்துவிட்டாள்.