நோன்பு என்னும் கட்டடம்

எங்கள் மத்திய அரசுத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தின் விதிகளில் ஆறாவது இப்படிச் சொல்லும்: குடியிருப்போர் எவரும் பத்து நாள் முன்னதாக எழுத்தில் கேட்டால் கூடம் கொடுக்கப்பட வேண்டும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "எவரும்" என்ற சொல்லுக்கு விளக்கக் குறிப்பு எதுவும் கிடையாது. தேடிப் பார்த்தவன் சொல்கிறேன்.

நான் அங்கே குடியிருந்த காலத்தில் அந்த விதியை யாரும் சீண்டியதில்லை. கூடத்தில் கொலு வைத்தார்கள், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பூஜை நடத்தினார்கள். ஒருவரும் விண்ணப்பம் எழுதவில்லை. வாட்ச்மேனிடம் "சாவி குடுப்பா" என்பார்கள், கொடுப்பார். விதிப்படி எழுதிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் கூடம் கிடைக்கவில்லை.

அவர் எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டுக்காரர். தொழிற்சாலையில் ஃபிட்டர். எல்லாருக்கும் பாய். அவர் மனைவி பூந்தமல்லிக்காரர், எல்லாருக்கும் பாயம்மா. ரமலான் மாதம் வந்தால் சாயங்காலம் மாடிப்படி முழுக்கப் புதினாவும் வெந்தயமும் மணக்கும். பாயம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் எவர்சில்வர் தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். எங்களுக்கு வருவதில் கறி இருக்காது, தனிச் சட்டியில் வைத்தது என்பார். நான் நம்பிக் குடித்தேன். என் மனைவி நம்பினாள், குடிக்கவில்லை. ஆனால் தூக்கைக் கழுவி, உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் திருப்புவாள். பிளாக்கில் யாரும் தூக்கை வெறுமனே திருப்பியதில்லை. ஒரு வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம், ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்காய். எழுதப்படாத விதி என்பதால் எல்லாரும் ஒழுங்காகப் பின்பற்றினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அது நின்றது. வடக்கே கலவரம். இங்கே பஸ் ஓடியது, ஷிஃப்ட் நடந்தது, பருத்திப்பட்டு ஏரிப்பக்கமிருந்து வழக்கம்போல் கொசு வந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. போகவேயில்லை. யாரும் பாயை ஒரு சொல் தவறாகச் சொல்லவில்லை. அவர் படியேறி வரும்போது பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ரமலான் மாசியில் வந்தது. முதல் நாள் போன தூக்குகளில் பாதி, மூடி திறக்காமலே திரும்பின. "குழந்தைக்குச் சளி, கஞ்சி ஆகாது" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அடுத்த வீட்டிலும் சளி. மாடியில் பெரியவர்களுக்கே சளி. பிளாக் முழுக்கப் பரவிய அந்தச் சளிக்கு யாரும் மருந்து வாங்கியதாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பாய் என்னிடம் வந்தார். நான் ஊழியர் பிரிவில் சூப்பரின்டெண்டன்ட், குடியிருப்போர் கமிட்டியின் செயலாளரும்கூட. எதற்கு எந்தப் படிவம் என்று கேட்க எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

"சார், குவார்ட்டர்ஸ் காலி பண்ண இன்னா ஃபாரம்?"

"எதுக்கு பாய்?"

"பெருநாள் முடிஞ்சதும் பூந்தமல்லிக்கே போயிடலாம்னு பாக்குறோம். மச்சான் ஊட்டு மாடி காலியாத்தான் கீது." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பாயம்மா தூக்கைக் கழுவி உள்ள வெச்சிடுச்சு சார். இனிமே யாருக்கும் கொடுக்கிறதில்லைங்குது."

படிவம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் முறைப்படி முடிந்திருக்கும். அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள்.

"வீடு வீடாப் போய்க் கொடுக்க வேண்டாம், பாய். கூடத்துல ஒரு நாள் எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. வரவா வரட்டும். அப்புறம் போறதா இருக்கறதான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம். சளிக்காரா யாருன்னும் தெரிஞ்சுடும்."

பாய் யோசித்தார். "ஒருத்தரும் வரலேன்னா?"

"அப்போ ஃபாரம் வாங்கிண்டு போங்கோ."

என் மனைவிக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. நாள் குறிக்கத் தெரியும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாளைச் சொன்னாள். விடுமுறை நாள்.

பாய் தானே விண்ணப்பம் எழுதினார். "நோன்பு திறப்பு நிகழ்ச்சிக்காகச் சமுதாயக் கூடத்தைத் தந்துதவ வேண்டுகிறேன்." பத்து நாளைக்கு ஒரு நாள் கூடவே இருந்தது. எஸ்டேட் அலுவலகத்தில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த அலுவலகம் எங்கள் கட்டடத்துக்கு எதிரேதான் இருந்தது, ஆனால் வேறு தேசம். அங்கே நுழைந்த காகிதம் இங்கே யாருக்கும் தெரியாது.

மூன்று நாள் இருக்கும்போது வாட்ச்மேன் வந்து, கூடத்தைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். எஸ்டேட் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே விண்ணப்பங்களை ஆங்கிலமாக்கும் மொழிபெயர்ப்பு எழுத்தர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல தமிழ் படித்தவர். அதுதான் தொல்லை.

"திறப்பு விழான்னா நம்ம அதிகாரத்துல இல்லை சார். கட்டடத் திறப்பு எதுவானாலும் மேலிடத்து அனுமதி வேணும். ஃபைல் வடக்கே போயாச்சு."

"எந்தக் கட்டடத்தைத் திறக்கிறாங்க?"

"நோன்பு."

ஆங்கில நகலைக் காட்டினார். நோன்பு என்ற பெயருள்ள ஒன்றின் திறப்பு விழா என்று அழகாகத் தட்டச்சாகியிருந்தது. பெயர் மட்டும் பெரிய எழுத்தில்.

"நோன்பு திறக்கிறதுன்னா நோன்பை முடிக்கிறது ஐயா. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"நோன்பு நோற்பாங்க, இருப்பாங்க, முடிப்பாங்க. எங்கம்மா வருஷா வருஷம் இருக்காங்க. ஒரு நாளும் திறந்ததில்லை. திறந்தா அது கட்டடம்தான் சார்."

"சரி, திருத்தி அனுப்புங்க."

"போன ஃபைலுக்குப் பதில் வராம திருத்தம் அனுப்ப முடியாதே. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லும் சுற்றறிக்கையை எல்லாப் பிரிவுக்கும் விநியோகித்தவன் நான்தான். மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டிருப்பேன். இது மறுப்பு அல்ல, பரிசீலனை. பரிசீலனையை எதிர்க்க எந்த விதியிலும் வழி இல்லை.

அன்று மாலை பாய் வீட்டில் சொன்னேன். பாயம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "பூட்டைத் தொறக்கத்தான் சார் சாவி வேணும். நோன்பு தொறக்க ஒரு பேரீச்சம்பழம் போதும். கூடம் இல்லாட்டி வெளியில உக்காருவோம். இல்ல, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, பொட்டி கட்டுறேன்."

கூடத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் அடியில், கொஞ்சம் தரை உண்டு. அது எஸ்டேட் அலுவலகத்தின் வரைபடத்தில் வராது. பராமரிப்புப் பிரிவின் வரைபடத்திலும் வராது. இரு தரப்பும் தங்களுடையது அல்ல என்று எழுதிக்கொடுத்த இடம். "அங்கே பாய் விரியுங்கள்" என்றேன். பாய் தன் பெயரைச் சொன்னதாக நினைத்து நிமிர்ந்தார். கோரைப் பாய் என்றேன். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பங்குனி பிறந்த அன்று வெயில் தாழ்ந்தபோது தொட்டியடியில் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். பாயின் குடும்பம், கேரேஜில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவர், நான், என் மனைவி. கோரைப் பாய்கள் வரிசையாக விரித்துக் காலியாகக் கிடந்தன. இரண்டு அண்டா நிறையக் கஞ்சி. சுற்றியிருந்த பிளாக்குகளின் பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். துணி எடுப்பது போல நின்றார்கள். அத்தனை துணி அங்கே காயவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வேனிலிருந்து இறங்கி, எங்களைப் பார்க்கும்படியான ஓர் இடத்தில் நின்று பீடி பற்றவைத்தார்.

அப்போது மூன்றாம் பிளாக் ஃபோர்மேன் நாலு பேரோடு வந்தார். கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர், உரத்த குரல். வருஷா வருஷம் சபரிமலைக்குக் கூட்டிப்போகும் குருசாமியும் அவர்தான். பார்க்கிறவர்களையெல்லாம் சாமி என்றே கூப்பிடுவார்.

"இன்னா சாமி இது?" என்றார் என்னிடம். "ஆபீஸ்ல பூட்டி வெச்சிக்கிறாங்க. நீ வெளிய கடை வெச்சிருக்கே. ஊரு கீற நெலமையில நாளிக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

"எந்த விதிப்படி கேட்கிறீங்க?" என்றேன்.

"விதிய எடுத்துகினு போய் உன் மேசையில வையி. மொதல்ல அண்டாவத் தூக்கு."

அவருடன் வந்தவர்களில் ஒருவன் அண்டாவின் பக்கம் ஓர் அடி வைத்தான். பாய் எழுந்து நின்றார். போலீஸ்காரர் பீடியைக் கீழே போட்டார். என்னிடம் சொல்ல வேறு விதி இல்லை.

ஃபோர்மேனின் பார்வை அப்போதுதான் கோரைப் பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவிமேல் விழுந்தது. ஒன்பது கஜம் கட்டி, முன்னால் வாழை இலையில் காரடையும் வெண்ணெயும் வைத்து, மஞ்சள் சரடோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசியும் பங்குனியும் கூடும் நேரம் அந்த வருஷம் சாயங்காலம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது.

"மாமி, நீ இங்க இன்னா பண்றே?"

"எனக்கும் இன்னிக்கு நோன்பு, காரடையான் நோன்பு. கார்த்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலே. சரடு கட்டிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, சத்தம் போடாதீங்கோ."

ஃபோர்மேன் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். அதற்குப் பிறகு அவர் செய்ததை அவர் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றினார். மாலை போட்டவர்களோடு இருந்து இருந்து, விரதக்காரர் முன்னால் செருப்போடு நிற்பதும் கத்துவதும் அவருக்கு வராது. அவர் கழற்றியதைப் பார்த்து மற்ற நாலு பேரும் கழற்றினார்கள். செருப்பில்லாமல் நின்றுகொண்டு சண்டையைத் தொடர்வது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபோர்மேன் யாரும் தொடாமல் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார்.

"தண்ணி கூடவா கெடியாது?" என்று பாயிடம் கேட்டார் ஃபோர்மேன்.

"கெடியாது, குருசாமி."

"நாங்க தண்ணி குடிப்போம்." ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். "மெஷின்கிட்ட நின்னுகினேவா? இந்த வெயில்லயா?"

"முப்பது நாளும்."

"நைனா!" என்றார் ஃபோர்மேன்.

சூரியன் இறங்கியது. பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். பாயம்மா தம்ளரில் கஞ்சி ஊற்றி முதலில் ஃபோர்மேனிடம் நீட்டினார்.

"கறி போட்டுக்கீதா?"

"இன்னிக்குச் சைவம், அண்ணாத்தே. மாமி பக்கத்துல கறி வெப்பனா?"

வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கையில் பிடித்தபடி பால்கனிகளை அண்ணாந்து பார்த்தார். "இன்னா அங்கியே நின்னுகினு பாக்குறீங்க? துணி அப்பவே காஞ்சிடுச்சு!" என்று கத்தினார். சிலர் இறங்கி வந்தார்கள். சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். இரண்டும் பாயின் கண்ணில் பட்டது. இரண்டு அண்டாவில் ஒன்று காலியானது. மற்றது அப்படியே இருந்தது.

ஃபோர்மேன் தம்ளரைத் தளும்பாமல் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். வழியில் கொட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை பாயம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அதே தம்ளர், கழுவித் துடைத்தது. உள்ளே விளிம்புவரை சர்க்கரை.

"குடிச்சிருப்பாரா மாமி?"

"அதெல்லாம் நமக்கெதுக்கு? வெறுமனே வரலையோல்லியோ."

பெருநாள் வந்தது, போனது. படிவம் என் இழுப்பறையிலேயே கிடந்தது. பாய் அதைக் கேட்டு வரவில்லை. மாடியில் இரண்டு வீடுகளில் மட்டும் சளி கடைசிவரை குணமாகவில்லை.

ஃபைல் மட்டும் வடக்கே உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு நாள் எஸ்டேட் அலுவலகத்துக்குப் பதில் வந்தது. நோன்பு என்னும் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு ஆட்சேபணை இல்லை. கல்வெட்டு பதிக்கக் கூடாது. விண்ணப்பித்தவரிடம் சாவியைக் கையொப்பம் பெற்று ஒப்படைக்கவும். தஞ்சாவூர் எழுத்தர் ஒரு திருத்தமும் செய்யாமல் நிறைவேற்றினார். கீழ்வீட்டிலேயே இருந்த பாய், கையெழுத்துப் போட்டுச் சமுதாயக் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்று தேதி, அடுத்த வருஷத்து மாசி ஒன்று. பாயம்மா முதல் நோன்புக்கு அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தார்.