சியூலுவானின் வயிற்று மூச்சு

ஹுவேய் ஊர்ப் பக்கத்துச் சாவு வீடுகளில் சியூலுவான் கூலிக்கு அழ வந்தால், தெருக்கோடியில் பாக்கு விற்கிறவள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வெளியூரிலிருந்து வந்து சேராத மகளுக்குப் பதிலாக, வெள்ளை உடுப்பும் முக்காடுமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து சவப்பெட்டிவரை முழங்காலால் தவழ்ந்தே போவாள். அழுகை நடுவில் அறுந்ததே கிடையாது. இத்தனைக்கும் செத்தவர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எல்லாம் வயிறு பார்த்துக்கொண்டது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் குறுக்கே கிடக்கிற உதரவிதானம் கீழே இறங்கினால் மூச்சு தானாக நிறையும். தோளைத் தூக்கி இழுத்தால் கழுத்துவலிதான் மிச்சம். அவளோடு கூலிக்கு அழுகிற குழுவில் எவளாவது தோளைத் தூக்கிவிட்டால் சியூலுவானுக்குப் பொறுக்காது.

"தோளால அழாதடி. அது வீட்டுல அழுற அழுகை" என்பாள்.

அவள் புருஷன் திங்ஹோ அதே குழுவில் நாயனம் மாதிரியான சுவோனாக் குழல் ஊதினான். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்து, இழை அறாமல் ஊதுவான். அந்த ஊதலில் மயங்கித்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டதே. ஆனால் ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று நினைத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு விக்கல் பிடித்தது. விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. யார் வீட்டுப் பண்டத்தைத் திருடித் தின்றாய் என்று குழுவே கேலி செய்தது. அவனும் கூடச் சிரித்தான். பிறகு குழலோசை பாட்டுக்கு நடுவே அறுந்தது. ஊதும்போது தோள் காதுவரை ஏறியது. இரவில் படுக்கைக்கு வராமல் டிவி முன்னால் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினான். கோபத்தில் முறுக்கிக்கொள்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். நீயாச்சு உன் நாற்காலியாச்சு என்று விட்டுவிட்டாள்.

ஒரு பணக்கார வீட்டில் அவள் அழுகையின் உச்சத்தில் குழல் நின்றுபோனது. அத்தனை பேர் முன்னால் அவளுக்கு மானமே போயிற்று. வெளியே வந்ததும் வண்டிக்காரன் காதுபட அவனைச் சோம்பேறி என்றாள், தண்டச்சோறு என்றாள். அடுத்த சாவுக்குக் கீபோர்டுக்காரன் ஒருவனை வரச் சொன்னாள். திங்ஹோ குழலைத் துடைத்துத் துண்டில் சுற்றி வைத்தான்.

"படுத்தா மூச்சு முட்டுது, சியூலுவான்."

"வேலவெட்டி இல்லாம கெடந்தா முட்டத்தான்யா செய்யும்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவன் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அவனைப் படுக்க வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். எழ வேண்டிய வயிறு உள்ளே அமுங்கியது. எட்டி நின்ற சியூலுவானுக்கே அது தெரிந்தது. ஊரான் வயிற்றையெல்லாம் பார்த்தவள், பாவி, கட்டினவன் வயிற்றைப் பார்க்கவில்லையே! நெஞ்சில் வளர்ந்த கட்டி உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை அழுத்திக் கெடுத்துவிட்டது, இத்தனை நாள் கழுத்தும் தோளும்தான் இவருக்கு மூச்சு வாங்கித் தந்திருக்கின்றன என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாமாம்.

"எப்பலேர்ந்து உக்காந்துகிட்டே தூங்குறாரு?" என்று கேட்டார்.

மழைக்காலத்திலிருந்து என்று அவளுக்குத் தெரியும்.

பம்ளிமாஸ் பழுக்கும் முன்னே அவன் போய்விட்டான். அந்தப் பக்கத்தில் புருஷன் பெட்டிக்குப் பின்னால் பெண்டாட்டி போகக் கூடாது, வாசலோடு சரி. அழுவதென்றால் பெட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அழ வேண்டும். குழுவில் கூட அழுகிற பீஹுன், நான் அழுகிறேன் என்று முன்னால் வந்தாள். சியூலுவான் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு தவழ்ந்தாள். முதல் குரல் வயிற்றிலிருந்து கணீரென்று வந்தது. கூட்டம் கண்ணைத் துடைத்தது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. யாரையோ பெற்ற அப்பனுக்கு அழுத அதே குரல்.

பெட்டியருகே போனதும் தோள் தூக்கிக்கொண்டது. மூச்சு கழுத்தைத் தாண்டி இறங்கவில்லை, குரல் துண்டுதுண்டாக அறுந்தது. பழக்கதோஷத்தில் பீஹுன் அவள் முதுகைத் தொட்டாள்.

"அக்கா, வயித்துலேர்ந்து..."

சியூலுவான் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"உன் குழலுக்காகத்தான்யா உன்னக் கட்டிக்கிட்டேன்" என்றாள், மூன்று நான்கு தடவை மூச்சு வாங்கி. பெட்டியைத் தாண்டி அது யாருக்கும் கேட்கவில்லை.