காற்று மோட்டாரைத் தரையில் வைத்தவன்

என் மனைவியின் தம்பிக்கு மீன்தொட்டி கழுவுவதுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரி, பேங்க், ஓட்டல் என்று எங்கே கண்ணாடித் தொட்டி இருந்தாலும் குழாயும் வாளியுமாகப் போய் நிற்பான். குழாயின் ஒரு முனை தொட்டிக்குள், மறுமுனை வாயில். ஓர் இழுப்பு இழுத்து வாளியில் போட்டுவிட்டால் போதும், தண்ணீர் தானே விளிம்பு ஏறி, தானே இறங்கும். ஓடி முடிகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பான். ஆள் அங்கே இருப்பான், மனசு தண்ணீரோடு போய்விடும். "உன் தம்பிக்குச் செவுள் முளைச்சிடுச்சா பாரு" என்று வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவன் தொட்டி கழுவப் போகிற பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண்மேல் அவனுக்கு ஆசை. சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளே ஒருநாள், வீட்டுக்கு ஒரு தொட்டி வேண்டும், இரண்டு தங்கமீன் போதும் என்றாள். பறந்து போய் வைத்துக் கொடுத்தான். அங்கேதான் கோட்டைவிட்டான். காற்று ஊதுகிற மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். இவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் பகலில் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும், காற்று வந்த குழாய் வழியாகவே தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது. அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அறை குளமாகக் கிடக்கிறது.

அவள் சொன்னதைக் கேட்டுப் போனை வைத்தவனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "மாமா, நீங்களும் வாங்க. இனிமே அவங்க என்னை வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க."

"விடலைன்னா என்ன மாப்ளே, டாக்டர்கிட்ட போய் பல்லைக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே கூடப் போனேன்.

கரண்ட் இன்னும் வரவில்லை. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரைத் தண்ணீரில் விழுந்து, மேலே கூரையில் வலைவலையாக ஆடிக்கொண்டிருந்தது. சுவர், பீரோ, அவள் முகம் எல்லாமே நீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தன. நான்கூட ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தொட்டியில் விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சம். குழாய் முனை வெளியே தெரிந்ததும் காற்றுப் புகுந்து ஓட்டம் நின்றிருக்கிறது. மீன்கள் முதுகு தெரியக் கிடந்தன. உயிர் இருந்தது. இவன் முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு கொண்டுபோன தண்ணீரைக் கையால் தாங்கித் தாங்கி ஊற்றினான்.

"தப்பு என்னோடதுங்க. மோட்டாரை மேலே வெச்சிருக்கணும்."

"ஊர்பூரா தொட்டி வெச்சிருக்கீங்க. எங்க வீட்ல மட்டும் எப்படி மறந்துச்சு?"

இவன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மட்டும் சிவந்தது. அவள் அந்தக் காதையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

இவன் துணியை எடுத்துக் குனிந்தான்.

"இருங்க. வெளிச்சம் போறவரைக்கும் தண்ணி இருக்கட்டும்."

கூரையில் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்தபடியே கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இவன் பக்கம் லேசாகத் தள்ளினாள். ஈரத்தில் அது சத்தமில்லாமல் வழுக்கி வந்து இவன் முன்னால் நின்றது. எனக்கு யாரும் நாற்காலி தள்ளவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.