காலரில் ஒற்றை நட்சத்திரம்

பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போகாமல் இரண்டு மாவு மில்லுக்கு முதலாளியானவன் நான். கவர்னர் எதிரே வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டேன். அந்த நானே ஒருவருக்குக் கழற்றினேன். அவர் ஆரின் ஹாஸ்க், எங்கள் கென்டக்கியில் கோவேறு கழுதை விற்றவர்.

அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும் அவர் தெற்குப் படைக்குப் போனார், நான் வடக்குப் படைக்கு. அவருடைய ரெஜிமெண்டில் அதிகாரிகளைச் சிப்பாய்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். கழுதை வியாபாரி மேஜர் ஆனார்.

ஆற்றங்கரைச் சண்டையில் தொடையில் குண்டு பாய்ந்து எங்களிடம் பிடிபட்டார். தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அவர் காலரில் ஒரு நட்சத்திரம் இருந்தது. எங்கள் படையில் ஒற்றை நட்சத்திரம் என்றால் ஜெனரல்.

"விலகுங்கடா! ஜெனரலையே பிடிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டே வைக்கோல் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

அங்கேதான் எங்கள் படை டாக்டர் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பதவிக்காரருக்கு முதல் வைத்தியம் என்பது அவர் சட்டம். மேஜையில் கிடந்த எங்கள் கார்ப்பரல் டிரெட்வேயை இறக்கச் சொன்னார். அவன் கழுத்திலிருந்து ரத்தம் கொப்பளித்தது.

"யோவ், நான் ஜெனரலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எங்க பக்கம் ஒரு நட்சத்திரம்னா மேஜர். அவனை முதல்ல பாருங்க" என்றார் ஹாஸ்க்.

"மேஜர்னாலும் கார்ப்பரலுக்கு மேலதான். பேசாம படுங்க. லேட்டானா உங்க கால் போயிடும்" என்றார் டாக்டர்.

"எனக்குக் காலு. அவனுக்கு உயிரு!" ஹாஸ்க் நட்சத்திரத்தைப் பிய்த்து எறிந்தார். "எங்க பசங்க கைதூக்கிக் குடுத்த பதவி. நானே எறக்கி வச்சிட்டேன். இப்ப நான் யாரு?"

டாக்டர் முறைத்தார். "வெறும் சிப்பாய்."

"அவன் கையில ரெண்டு பட்டை இருக்குய்யா. எனக்கு மேலதிகாரி. வேலையப் பாரும்!"

டாக்டர் டிரெட்வேயின் கழுத்தைப் பார்க்கத் திரும்பினார். ஹாஸ்க் எதிரிப் படைக்காரர்; டிரெட்வேயின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. என் கை தானாகத் தொப்பிக்குப் போனது.

சண்டை முடிந்த பிறகும் பல வருஷம் ஹாஸ்க் ஒற்றைக் காலோடு கழுதைச் சந்தையை ஆட்டிப்படைத்தார். என்னிடமே கிழட்டுக் கழுதையைத் தள்ளப் பார்த்தார். நானா ஏமாறுவேன்!

அன்று கொட்டகையில் அவர் முறை வர சாயங்காலம் ஆகிவிட்டது. கால் சில்லிட்டுப் போயிருந்தது. டாக்டர் ரம்பத்தை எடுத்தார். ஹாஸ்க் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, அந்தக் கார்ப்பரல் மூச்சு விடறானா?"

"விடறான் ஐயா."

"அப்ப அறுக்கச் சொல்லு."