தம்பியைக் கொடுத்து வாங்கிய பிட்சர்

ஜூன் மாத நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், எங்கள் முதன்மைப் பிட்சர் பந்தை எறிந்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிபட்ட பந்து எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இந்தப் பருவத்தில் அவர் இனி எறியப்போவதில்லை என்பது மருத்துவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பேஸ்பால் ஜெர்மனியில் பெரிய விளையாட்டு இல்லை. பீலெஃபெல்டுக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி எங்கள் மைதானம் இருக்கிறது. அங்கே ஒரு கழகம் இருப்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்தில் இடம் கிடைக்காததால் பேஸ்பாலுக்குப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டவள் நான். பகலில் ஓர் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பற்கள் செய்கிறேன். வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு முழுவதும் இந்த அணியின் பயிற்சியாளர். என்னைவிட எட்டு வயது இளைய தம்பி என் பின்னால் வந்து சேர்ந்தவன். அவன் கேட்சர். மட்டை பிடித்திருப்பவருக்குப் பின்னால், முகமூடி போட்டுக் குந்தியிருந்து, பிட்சர் எறியும் பந்துகளை வாங்குவது அவன் வேலை.

அந்த வருடம்தான் எங்கள் கழகம் முதல் தடவையாகப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. முதலிடத்தில் முடித்தால் மேல் லீக். பாதிப் பருவம் மிச்சமிருந்தது, பிட்சர் இல்லை. இந்த விளையாட்டில் பிட்சர் இல்லாத அணி சாரதி இல்லாத பேருந்து மாதிரி. மற்ற எல்லாரும் திறமாக இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி சுலபம். பருவத்தின் நடுவில் ஒரு ஆளைக் கொடுத்து இன்னொரு ஆளை வாங்கிவிடுவார்கள். எங்கள் மட்டத்தில் அப்படி யாரையும் யாரும் விற்க முடியாது. இரண்டு கழகங்களும் விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், போகிறவரும் சம்மதிக்க வேண்டும். கடைசித் தேதிக்கு அதிக நாள் இல்லை.

பக்கத்து ஊர்க் கழகத்தில் இடது கையால் எறியும் ஒரு இளைஞன் இருந்தான். ரொட்டி சுடும் வெதுப்பகம் ஒன்றில் Ausbildung என்னும் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் நல்ல பிட்சர்கள் இருந்ததால் பெரும்பாலும் மைதான ஓரத்தில், மாற்று ஆட்களுக்கான வாங்கில்தான் குந்தியிருப்பான். நான் அந்த அணியின் பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிவளைக்காமல் பேசுபவர்.

"எங்கள் கேட்சருக்கு முழங்கால் போய்விட்டது. உங்களிடம் இரண்டு கேட்சர் இருக்கிறார்கள். ஒருவரைக் கொடு, இவனைத் தருகிறேன்" என்றார்.

"எங்கள் மூத்தவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். எங்களுடைய இரண்டாவது கேட்சர் நாற்பது வயதைத் தாண்டிய கணித ஆசிரியர்.

"ஆசிரியர் வேண்டாம். உன் தம்பி."

யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யோசிக்க எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. தம்பி ஆசிரியரைவிட நல்ல கேட்சர், ஆனால் வித்தியாசம் கொஞ்சம்தான். பிட்சர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. அவன் வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் தொலைபேசியிலேயே சரி சொல்லியிருப்பேன். அப்படியானால், தம்பி என்பதற்காகத்தான் தயங்குகிறேனா? சரி சொன்னால், தம்பிக்குச் சலுகை காட்டுகிறவள் இல்லை என்று ஊருக்குக் காட்டவா சொல்கிறேன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் அந்த வாரம் முழுவதும் கிடந்து உழன்றேன். ஆய்வுகூடத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை இடப்பக்கத்துக்குப் பதிலாக வலப்பக்கத்துக்குச் செய்து வைத்தேன்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு அவனை வழக்கம்போல என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மைதானத்து வாகனத் தரிப்பிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இறங்காமல் இருந்தேன்.

"என்ன அக்கா, இறங்கேல்லையோ?"

"ஒரு விசயம் கதைக்க வேணும்."

சொன்னேன். அவன் கையுறையை மடியில் வைத்து, அதன் தோல்வாரை இழுத்து இழுத்து விட்டான்.

"இதைக் கழகம் கேக்குதோ, நீ கேக்கிறியோ?"

"நான்தான் கேக்கிறன். வேற ஆரும் உன்னட்டைக் கேக்கிறதை நான் விரும்பேல்லை."

"அப்ப நான் வேண்டாம் எண்டு சொல்லுறாய்."

"அப்பிடி இல்லையடா. அவங்களுக்கு நீதான் வேணுமாம். உனக்கு விருப்பமில்லையெண்டா இதோட விட்டுடலாம். ஒருத்தரும் உன்னைக் கட்டாயப்படுத்த ஏலாது."

"விட்டா நாங்கள் தோப்பம். பிறகு எல்லாரும் என்னைத்தான் பாப்பினம். நீயும் பாப்பாய்."

அவன் இறங்கிப் போய் அன்று யாரோடும் பேசாமல் பயிற்சி செய்தான். வீட்டுக்கு ரயிலில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டான். அடுத்த நாள் மத்தியானம் என் கைபேசிக்கு ஒரே ஒரு சொல் வந்தது: "ஓம்." நான் பதில் எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.

அம்மா அதுவரை எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பேஸ்பால் விதிகள் அவருக்கு இன்றுவரை விளங்காது. மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, ஓடுகிறவர்கள் விழாமல் ஓட வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டிருப்பார். விசயத்தைச் சொன்னபோது என்னைத் திட்டவில்லை. இனி ஞாயிறுகளில் யாருடைய ஆட்டத்துக்குப் போவதாக உத்தேசம் என்று நான் கேட்டேன்.

"அவனிட்டைத்தான் போவன், பிள்ளை. உனக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம். அவனுக்கு அங்க ஆரைத் தெரியும்?"

அது நியாயம்தான். ஆனாலும் முதல் ஞாயிறு அவருடைய கதிரை இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

வெதுப்பகப் பையன் வந்தான். விடியுமுன் வேலைக்குப் போகிறவன், மத்தியான ஆட்டத்துக்குக் கண் சிவந்து வந்து நின்றான். அவன் எறிந்த பந்துகள் கடைசி நேரத்தில் வளைந்து விழுந்தன. எதிரணிக்கு அடிக்க வரவில்லை. எங்கள் ஆசிரியருக்கோ பிடிக்க வரவில்லை. பந்து பந்தாக அவருடைய கையுறைக்குக் கீழால் போயிற்று. பந்து பின்வேலியில் மோதும் சத்தம் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் கேட்டது. அந்த ஆட்டத்தைத் தோற்றோம். அதற்கடுத்ததையும் தோற்றோம். கழகத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றது, அவ்வளவுதான். நல்ல கேட்சரைக் கொடுத்து, பிடிக்க ஆளில்லாத பிட்சரை வாங்கியிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

காப்பாற்றியது ஆசிரியர்தான். "அவனுடைய பந்து எங்கே விழும் என்று என் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. பழக நேரம் கொடு" என்றார். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. பையனின் வேலை முடிந்ததும் அந்த வெதுப்பகத்தின் பின்முற்றத்துக்குப் போய், மாவுச் சாக்குகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கி வைத்துக்கொண்டு பந்து வாங்கினார். ஒருநாள் பார்க்கப் போனேன். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. எறிவதும் வாங்குவதும்தான். அதற்குப் பிறகு வெல்லத் தொடங்கினோம். ஆகஸ்ட் முடியும்போது மறுபடி முதலிடத்துக்கு வந்திருந்தோம்.

கடைசி ஆட்டம் தம்பியின் புதிய அணியோடு, அவர்களுடைய மைதானத்தில். வென்றால் மேல் லீக். தோற்றால் இரண்டாமிடம். அம்மா எந்தப் பக்கமும் சேராமல், கதிரையை நடுவில், வேலிக்குப் பின்னால் போட்டிருந்தார்.

கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னால் இருந்தோம். அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர், ஓடி வந்து ரன் எடுக்கத் தயாராக, தளங்களில் நின்றார்கள். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் முடிந்தது. மட்டையோடு வந்தது தம்பி.

எந்தப் பந்தைக் கேட்பது என்று ஆசிரியர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தம்பியின் பலவீனம் எனக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே விழும் பந்தை அவனால் விட்டுவிட ஏலாது. மட்டையை வீசிவிடுவான், படாது. அவனுக்குப் பந்தெறிந்து பழக்கியவள் நான். அம்மா வேலிக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு இருப்பது தெரிந்தது. தாழ்வாக எறியும்படி சைகை காட்டினேன். அதைத் தவிர வேறெதையும் காட்டியிருந்தால் என் அணியில் ஒருவருடைய முகத்தையும் பிறகு பார்த்திருக்க முடியாது.

முதல் பந்து தாழ்வாக வந்தது. அவன் வீசவில்லை. இரண்டாவதும் தாழ்வாக, அவன் அசையவில்லை. மூன்றாவது கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் அடித்தான். பந்து எங்கள் இடதுபக்க ஆட்களின் தலைக்கு மேலால் போய்ப் புல்லில் விழுந்து உருண்டது. அவர்களுடைய இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். அவர்கள் ஒரு ரன்னால் வென்று, ஆட்டம் முடிந்துவிட்டது.

என் ஆட்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பொருட்களை அள்ளினார்கள். எங்களுக்கு எறிந்த பையன் அசையாமல் நின்றான். ஆசிரியர் போய் அவனுடைய தோளில் கை வைத்தார். அந்தப் பக்கத்தில் தம்பியை ஏழெட்டுப் பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் ஜெர்மனில் ஏதோ கத்திச் சிரித்தான். எங்கள் அணியில் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எங்களோடு ஆடிய காலமெல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு என்னைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்வான். அன்று மட்டை பிடித்து நின்ற நேரம் ஒருதரம்கூட என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு என்னிடம் வந்தான்.

"கோவமோ அக்கா?"

"எனக்கென்னத்துக்குக் கோவம். எப்படா உந்தப் பந்தை விடப் பழகினாய்?"

"இஞ்ச வந்த பிறகுதான். இவர் ஒவ்வொரு நாளும் அதையேதான் எறிவார்" என்று தன் பயிற்சியாளரைக் காட்டினான்.

"அடுத்த வருசம் திரும்பி வாறியோ?"

மட்டையை மறு கைக்கு மாற்றினான். நான் அந்தப் பதிலுக்குப் பயந்தேன்.

"இல்லை அக்கா. இஞ்சயே நிக்கிறன்."

"சரி" என்றேன். சரிதான் என்று தெரிந்திருந்தும் சொல்வது கடினமாக இருந்தது.

இரண்டாமிடத்தில் முடித்தோம். குளிர்காலப் பயிற்சிக்கு மண்டபம் ஒதுக்கிய வாரம் வெதுப்பகப் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தொழிற்பயிற்சிப் பரீட்சையில் தேறிவிட்டானாம், லைப்சிக்கில் வேலை கிடைத்திருக்கிறதாம், வசந்தத்தில் போய்விடுவானாம். வாழ்த்தினேன், மனதார வாழ்த்தினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எந்தக் கழகத்தில் எந்தப் பிட்சர் வாங்கில் குந்தியிருக்கிறான், அவனுக்குப் பதிலாக யாரைக் கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கார் ஓட்டினேன். அன்றிரவும் சரியாகத் தூங்கவில்லை.